தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்த அதிகாரி

"நம்ம டெண்டரத் தள்ளிட்டாங்க, ஏளா." வாசலில் நின்றபடியே சொன்னார் என் கணவர் தேவசகாயம்.

தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் திறந்த மறுவருடம் அது. நாங்கள் ஐந்து பெண்களை வைத்துத் தார்ப்பாய் தைக்கும் பட்டறை நடத்தினோம். அரசாங்க உரக் கிடங்கு ஒன்றுக்குத் தார்ப்பாய் கேட்டு டெண்டர் விட்டிருந்தார்கள். எல்லார் முன்னாலும் டெண்டர் பெட்டியைத் திறந்து விலைகளை வாசித்தபோது எங்கள் விலைதான் குறைவு. ஆனாலும் "சின்னப் பட்டறை, தரம் இருக்காது" என்று எங்களை ஒதுக்கிவிட்டுப் பெரிய கம்பெனிக்குக் கொடுக்க முடிவு செய்துவிட்டார்கள். பட்டறையை ஒருவரும் வந்து பார்க்கவே இல்லை!

அந்த வேலை வராவிட்டால் பட்டறையை மூட வேண்டியதுதான். பக்கத்துக் கடை அண்ணாச்சியோ, "பெரிய ஆளுகளோட மோதாதம்மா, இனி எந்த டெண்டரும் கிடைக்காமப் போயிரும்" என்றார்.

தையல் மெஷின் பக்கத்திலேயே முழங்காலில் விழுந்தேன். "ஆண்டவரே, யாராவது ஒருத்தர் வந்து எங்கள் வேலையைப் பார்க்கட்டும். அது போதும்" என்று அழுதேன். எழுந்தபோது பயம் இருந்த இடம் தெரியவில்லை! நேரே கிடங்கு ஆபீஸுக்கு, மேலதிகாரியிடம் முறையிடக் கிளம்பினேன்.

"அவரையெல்லாம் பாக்க முடியாது" என்று வாசலிலேயே மறித்தார்கள். அந்த நேரம் பார்த்து அவரே வெளியே வந்தார். மெட்ராஸிலிருந்து புதிதாக வந்திருந்தவர்.

"என்னம்மா விஷயம்?"

"ஐயா, எங்க வேலையப் பாக்காமலே தரமில்லன்னு தள்ளிட்டாங்க. வந்து பாருங்க. நல்லால்லன்னா நானே போயிருதேன்."

அவர் ஆபீஸ்காரர்கள் பக்கம் திரும்பி, "யாராவது போய்ப் பார்த்தீங்களா?" என்றார். "சின்னப் பட்டறைதானேன்னு..." என்று ஒருவர் இழுத்தார்.

"பார்க்காம எப்படித் தள்ளினீங்க? ஜீப்பை எடுங்க!"

எங்கள் சந்துக்குள் ஜீப்! தைத்து வைத்திருந்த தார்ப்பாய் ஒன்றை நாலு மூலையும் இழுத்துக் கட்டினோம். அதிகாரி ஒரு நாற்காலியைப் போட்டு அதற்கு அடியிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஊத்துங்கம்மா!" என்றார். குடம் குடமாகத் தண்ணீரை மேலே ஊற்றினோம். தார்ப்பாய் அவர் தலைக்கு மேல் தொந்தி போலத் தொங்கியது. "இயேசுவே, இயேசுவே" என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது.

ஒரு சொட்டு இறங்கவில்லை! அவர் தலையைத் தடவிப் பார்த்துச் சிரித்தார்.

டெண்டரை மறுபடி முறையாகப் பரிசீலிக்க உத்தரவிட்டார். சீக்கிரமே வேலை எங்கள் கைக்கு வந்தது. பெண்களெல்லாம் சந்திலேயே கைதட்டிப் பாடினார்கள். ஆலயத்தில்கூட வாய் திறந்து பாடாத என் கணவரின் சத்தம்தான் அன்று எல்லாரையும் விட மேலே கேட்டது.

அதுவரை காய்ச்சல் வந்தால் மட்டும் ஜெபிக்கிறவள் நான். ஆபீஸ், டெண்டரெல்லாம் ஆண்டவருக்கு எதற்கு என்று நினைத்திருந்தேன். இப்போது அப்படியில்லை. அன்பானவர்களே, உங்களுக்கு நியாயமாக வர வேண்டியதை யாராவது மறுத்தால் முடங்கிப் போகாதீர்கள். முழங்காலில் நின்று கேளுங்கள். பிறகு எழுந்து போய்க் கதவைத் தட்டுங்கள். உங்களுக்கு முன்னே அவர் போவார். எனக்கு முன்னே போனாரே!