பெயின்டர் போனை வாளியில் போட்ட கதை

எங்கள் பஸ் ஸ்டாண்டில் ஒரு கதை ஓடுகிறது. ஜெயிலிலிருந்து வந்த பெயின்டர் யாரோ ஒரு பயணியின் போனை அடித்துவிட்டாராம். கட்டணக் கழிப்பறையில் நின்று அதை நோண்டிக்கொண்டிருந்தபோது போலீஸ் வந்ததாம். ஆள் பட்டென்று போனைத் தண்ணீர் வாளிக்குள் போட்டுவிட்டு, பச்சைப்பிள்ளை மாதிரி நின்றாராம். பழக்கடைக்காரர் சொல்லும்போது ஒரு போன். டிக்கெட் கவுன்டருக்குப் போய்ச் சேர்வதற்குள் மூன்று போன். இன்னும் ரெண்டு நாள் விட்டால் ஒரு கடையையே வாளிக்குள் இறக்கியிருப்பார்.

அந்த வாளி என் பொறுப்பில் இருப்பது. கழிப்பறை வாசலில் மேஜை போட்டுச் சில்லறை வாங்குகிறவன் நான்தான். எந்தப் பேச்சும் என் மேஜையைத் தாண்டித்தான் போகவேண்டும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடி வருகிறவன்கூட ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவான். நானும் கையிலிருந்து நாலு சேர்த்து அனுப்புகிற ஆள்தான், மறைக்கவில்லை. ஆனால் இதை நான் கண்ணால் பார்த்தேன். அதனால் உள்ளது உள்ளபடி சொல்கிறேன்.

பெயின்டருக்கு ஐம்பதை ஒட்டிய வயது. வீடுகளுக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தவர். குடித்துவிட்டுப் போட்ட சண்டையில், கூட வேலை செய்தவனுக்கு ஒரு கை போய்விட்டது. இவர் ஆறு வருஷம் உள்ளே போனார். வெளியே வந்தபோது மனைவி வேறு ஊரில், வேறு வாழ்க்கையில். தங்கச்சி வீட்டு வாசலில் போய் நின்றார். தங்கச்சி புருஷன் கதவைப் பாதி திறந்து, "பிள்ளைங்களுக்குப் பரீட்சை நடக்குது மச்சான்" என்றாராம். பரீட்சை எப்போது முடியும் என்று இவர் கேட்கவில்லை. நேராக வந்து எங்கள் கடைசி பிளாட்பாரத்தில் அட்டையை விரித்துவிட்டார்.

விடுதலையாகி வீடில்லாமல் அலைகிறவர்களுக்கென்று ஒரு ஆபீஸ் இருக்கிறது. அங்கே ஒரு மேடம் இவருக்கு ஒரு போன் கொடுத்தார். தினமும் காலை ஒன்பது மணிக்கு அது கேள்வி கேட்கும். நேற்று எங்கே தூங்கினீர்கள்? மாத்திரை போட்டீர்களா? மனசு எப்படி இருக்கிறது? கடைசிக் கேள்விக்கு ஐந்து மூஞ்சிகள் வரும். ஒரு ஓரத்தில் இருப்பது பல்லைக் காட்டும், மறு ஓரத்தில் இருப்பது அழும். அழுகிறதை அமுக்கினால் மேடம் கூப்பிட்டுப் பேசுவார். இவர் அமுக்குவது எப்போதும் நடுவில் இருப்பதை. அதற்கு வாய் வெறும் கோடு.

"ஏன் பெயின்டரே, தினம் அதே மூஞ்சியா? சிரிக்கிறதுக்கு என்ன குறைச்சல்?"

"பல்லு ஜாஸ்தி அண்ணே."

கேள்வியெல்லாம் கிடக்கட்டும், அந்த போனில் முக்கியமானது ரூம். ஆபீஸ் கையில் சில ரூம்கள் உண்டு. ஒன்று காலியானால், வரிசையில் முதலில் இருப்பவரின் போனுக்கு அழைப்பு வரும். ஒரே நாளில் மூன்று தடவை கூப்பிடுவார்கள். எடுக்காவிட்டால் ரூம் அடுத்த பெயருக்குப் போய்விடும். இவர் ஒன்பதாவது பெயர். போன் உயிரோடு இருக்கவேண்டுமே! என் காலடியில் ஒரு பிளக் இருக்கிறது. அதற்காகத்தான் தினமும் என் மேஜைக்கு வருவார்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. போனைத் துணியில் சுற்றிச் சட்டைக்குள்ளேயே வைத்திருப்பார். ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"உள்ள போன் வச்சிருந்தா குத்தம் அண்ணே. பக்கத்துல படுத்தவன் என் பாய்க்கு அடியில ஒண்ணைச் சொருகிட்டான். சோதனையில மாட்டிச்சு. எட்டு மாசம் கூடிப்போச்சு."

"உங்களோடது இல்லன்னு சொல்லலையா?"

"சொன்னேன்."

போனை மறுபடி துணியில் சுற்றிக்கொண்டே அவராகவே சொன்னார்: "சோதனைன்னு கம்புச் சத்தம் கேட்டா, போன் யார் கையில இருக்கோ அவன் தண்ணியில போட்டுடணும். அப்புறம் சுவரைப் பார்த்து நின்னுக்கணும். அதுதான் அங்க பழக்கம்."

ஐந்தாவது மாதம் அவர் பெயர் முதலாவதாக வந்தது. அதன்பிறகு ஆள் என் மேஜையை விட்டு நகரவில்லை.

"கூப்பிட்டா என்ன சொல்லணும் அண்ணே?"

"ஹலோன்னு சொல்லுங்க. பொண்ணு பார்க்கவா வர்றாங்க, இப்படி வேர்க்குது?"

"அப்புறம்?"

"வரேன்னு சொல்லுங்க. அவ்வளவுதான்."

"ஹலோ. வரேன்" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

நாலாம் நாள் காலையிலிருந்து அந்தப் பகுதி முழுக்கக் கரண்ட் இல்லை. பழைய பேட்டரி, போன் அணைந்து கிடந்தது. சாயங்காலம் நாலு மணிக்குக் கரண்ட் வந்ததும் பாய்ந்து மாட்டினார். அதற்கு உயிர் வந்து கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. எங்கள் பஸ் ஸ்டாண்டு வாட்ச்மேன் வந்தார். ஈ எறும்புக்குக்கூட வழிவிடுகிற மனுஷன். யூனிஃபார்மும் கம்பும் மட்டும்தான் மிரட்டலாக இருக்கும். வழக்கம்போலக் கழிப்பறைக் கதவில் கம்பால் இரண்டு தட்டு தட்டி, "யாருப்பா உள்ள, குடித்தனமா நடத்துற?" என்றார்.

அதே நேரத்தில் போன் அடித்தது.

பெயின்டர் கை மட்டும்தான் அசைந்தது. ஒயரைப் பிடுங்கி போனைப் பக்கத்திலிருந்த வாளிக்குள் போட்டது. அவர் திரும்பி, கால்களை அகட்டி, இரண்டு கைகளையும் சுவரில் வைத்து நின்றார். தண்ணீருக்கு அடியில் போன் இன்னும் வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்தது.

"நான் ஒண்ணுமே சொல்லலையேப்பா!" என்று பயந்துபோனவர் வாட்ச்மேன்தான்.

நான் கையை முழங்கை வரை விட்டு எடுப்பதற்குள் அது அணைந்துவிட்டது. மேஜையை வாட்ச்மேனிடம் ஒப்படைத்துவிட்டு, பெயின்டரை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஆபீஸில் மேடம் கிளம்பப் பையை எடுத்திருந்தார். "எங்க போயிட்டீங்க? காலையில கூப்பிட்டேன், மத்தியானம் கூப்பிட்டேன், நாலு மணிக்குக் கூப்பிட்டேன். ரூம் அடுத்தவருக்குப் போயிடுச்சு. அவர் முதல் ரிங்லயே எடுத்துட்டார்."

"தண்ணியில விழுந்துடுச்சு மேடம்."

"விழலைம்மா, இவரே போட்டார்" என்று நான் நடுவில் புகுந்து எல்லாவற்றையும் சொன்னேன். மேடம் பையைக் கீழே வைத்தார்.

"இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா? சத்தமே வராம வச்சுக் குடுத்திருப்பேனே!"

"யாரும் கேக்கல மேடம். எங்க தூங்கினேன், மாத்திரை போட்டேனான்னுதான் அது கேக்குது."

மேடம் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். பெயரை மறுபடி வரிசையில் சேர்த்தார். பதினொன்றாவது. அன்றைய கேள்விக்குப் பதில் பாக்கி இருந்தது. தன் கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பினார். பெயின்டர் குனிந்து ஐந்து மூஞ்சிகளையும் வரிசையாகப் பார்த்துவிட்டு, நடுவில் விரலை வைத்தார். நான் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அவர் பேசியது ஒரே ஒரு வாக்கியம். "அந்த ரூம் மூணாவது மாடியாம் அண்ணே."

மூன்று வாரத்தில் வேறு போன் கிடைத்தது. அது அடிக்காது, வெளிச்சம் மட்டும் போடும். இப்போதும் என் காலடியில்தான் மாட்டிவிட்டு உட்கார்கிறார்.

போன வாரம் பழக்கடைக்காரர் வந்தார். மேஜைக்குப் பின்னால் குந்தியிருந்த பெயின்டரை அவர் கவனிக்கவில்லை. வரிசையில் நின்ற ஒரு பயணியைப் பிடித்துக்கொண்டு, "பையைக் கெட்டியா பிடிச்சுக்குங்க தம்பி, இங்க ஒருத்தன் திருட்டு போனோட நின்னு, போலீஸைப் பார்த்ததும்..." என்று ஆரம்பித்தார். முழுசாகச் சொல்லட்டும் என்று நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவர் முடித்த பிறகு கீழேயிருந்து குரல் வந்தது.

"வந்தது போலீஸ் இல்ல, வாட்ச்மேன். திருடியிருந்தா வித்திருப்பேன்யா. அது என் போன். கூப்பிட்டது என் ரூம். ரெண்டையும் நான்தான் வாளியில போட்டேன்."