முள் இல்லாத வண்டி

அபிராமபுரத்தில் எங்கள் தெருவில் நிற்கும் டிரைவர்கள் எல்லாரும் வண்டியை ஓரங்கட்டியதும் சீட்டைச் சாய்த்துக்கொண்டு போனைப் பார்ப்பார்கள். புகழேந்தி மட்டும் இறங்கி முன்பக்கம் போய், பானெட்டின் மேல் புறங்கையை வைத்துப் பார்ப்பார், பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பதைப் போல. ஒரு தடவையோடு விடவும் மாட்டார். நாலு எட்டு நடந்துவிட்டு வந்து மறுபடி வைப்பார். அதனால் அவருக்கு 'டாக்டரு' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

"இன்னா டாக்டரு, பேஷண்ட் பொழச்சிக்குமா?" என்று எதிர்வீட்டு டிரைவர் பாலு தினமும் கேட்பான். புகழேந்தி சிரிக்க மாட்டார். சூடேறி இஞ்சின் சீஸ் ஆகி, அசையாமல் இறுகிப்போய் நடுரோட்டில் நின்றவனுக்குத்தான் அந்த வலி தெரியும் என்பது அவர் கட்சி.

அவர் நின்றிருக்கிறார். முன்பு தி. நகரில் ஒரு பாத்திரக் கடைக்காரரிடம் டீசல் வேன் ஓட்டினார். அதில் சூடு காட்டும் முள் எப்போதும் நட்டநடுவில் நிற்கும். தங்கமான வண்டி என்று நம்பிக்கொண்டிருந்தார். நந்தனம் சிக்னலில் இஞ்சின் ஒரு உதறு உதறிப் பிடித்துக்கொண்டபோதும் முள் நடுவில்தான் நின்றது. அது கெட்டுப்போய் எத்தனை மாதமோ! முதலாளி ஆட்டோவில் வந்து இறங்கினார். பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்க்கப் பார்க்க சாவியைப் பிடுங்கிக்கொண்டு போகச் சொன்னார். அந்த வருடம்தான் ஆற்றங்கரையில் இருந்த அவர் வீட்டையும் அரசாங்கம் இடித்து, குடும்பத்தை ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பியது. அதற்குப் பிறகு அந்த மனிதர் எதையும் நம்பாமல் போனதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

பிறகு கிடைத்ததுதான் சரோஜாதேவி டீச்சர் வீட்டு வேலை. டீச்சருக்கு எழுபது வயது, ரெண்டு சிறுநீரகமும் போய்விட்டது. செவ்வாய், வியாழன், சனி அடையாறில் டயாலிசிஸ். மகள் ஷண்முகப்ரியா தரமணியில் ஒரு கம்பெனியில் இருக்கிறாள். அம்மா அலுங்காமல் போய்வர வேண்டும் என்று பெட்ரோலிலும் பேட்டரியிலும் மாறி மாறி ஓடும் ஹைப்ரிட் கார் ஒன்றைப் புதிதாக வாங்கினாள்.

அந்தக் காரில் முள்ளே இல்லை. இஞ்சின் குளிர்ந்திருந்தால் நீல விளக்கு எரியும், கொதித்தால் சிவப்பு விளக்கு. நடுவில் ஒன்றுமே கிடையாது. போதாததற்கு இஞ்சின் தானாக அணைகிறது, தானாகக் கிளம்புகிறது. காதை வைத்துக் கேட்டாலும் ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியவில்லை. புகழேந்தி முதல் வாரமே ஷண்முகப்ரியாவிடம் போய் நின்றார்.

"நல்லா இருந்தா ஒண்ணும் காட்டாது அண்ணா. அதோட டிசைனே அப்படித்தான்."

"சாவுற வரைக்கும் சொல்ல மாட்டேன்னா அது இன்னா டிசைன் மா?"

கேள்வி நியாயம்தான். ஆனால் அவருக்குத் தூக்கம் போய்விட்டது. மந்தைவெளியில் மெக்கானிக் வாஜித்தைப் பிடித்து, ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகும் ஒரு சின்னக் கருவியை வாங்கினார். அதைச் செருகினால் இஞ்சின் சூடு போனில் எண்ணாக ஓடும். இனி நிம்மதி என்று நினைத்தார். நிம்மதி எங்கே? நெரிசலில் நின்றால் சூடு ஏறும், காற்று வாங்கிக்கொண்டு ஓடினால் இறங்கும் என்றுதான் வாழ்நாளெல்லாம் பழகியவர். இது நெரிசலில் இறங்கியது, பாலத்தில் ஏறியது. ஏறினாலும் பதறினார், இறங்கினாலும் பதறினார்.

"ஏன் நைனா எறங்கிக்கினே போவுது?" என்று வாஜித்துக்குப் போன் போட்டார்.

"ட்ராஃபிக்ல பேட்டரில ஓடுது மாமா. இஞ்சினே ஆஃப்ல கீது, எறங்காம இன்னா பண்ணும்? போனை வெச்சிட்டு ரோட்டைப் பாரு."

அவர் பார்த்தது போனைத்தான்.

ரெண்டாம் வருடம் ஏப்ரலில் ஒரு காலை, இஞ்சினைக் குளிர வைக்கும் கூலன்ட் டப்பாவில் அளவு கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. பழைய வண்டி டிரைவர் என்ன செய்வார்? ஒரு சொம்பு குழாய்த் தண்ணீர் ஊற்றினார். சில நாளில் மறுபடி இறங்கியது. மறுபடி ஊற்றினார். அது பிறகு காலைக் கடமையாகிவிட்டது. எங்கோ கசிகிறது என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. சொன்னால் முதல் கேள்வி "நீங்கதானே ஓட்டுறீங்க?" என்று வரும். நந்தனம் சிக்னல் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. சர்வீஸுக்கு விட்ட அன்றும் காலையிலேயே கோடு வரை நிரப்பிக் கொண்டுபோனார். அவர்கள் பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். இங்கேதான் எனக்கு அவர்மேல் கோபம் வரும். அத்தனை கவலைப்பட்ட மனிதர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தக் கவலையே கசிவை மூடி மறைத்தது.

மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்டிருந்ததால் வண்டிகள் ஊர்ந்தன. டீச்சர் பின்சீட்டில் இருந்தார். மெஷினுக்கு நேரம் கொடுத்திருந்தார்கள், தாமதமானால் அடுத்தவருக்குப் போய்விடும். காலையில் ஊற்றிய தண்ணீர் தாக்குப்பிடிக்கவில்லை; நெரிசலில் இறங்க வேண்டிய எண் அன்று போனில் தொண்ணூற்றெட்டு என்றது, கொஞ்ச தூரத்தில் நூற்றுநாலு. அடையாறு பாலத்து மேட்டில் நூற்றொன்பது. சிவப்பு விளக்கும் எரிந்துவிட்டது. பாலத்தில் ஓரங்கட்ட இடமில்லை.

புகழேந்தியின் கை தானாக வேலை செய்தது. ஏசியை அணைத்தார், முன்பக்க ஜன்னல் கண்ணாடிகளை இறக்கினார், ஹீட்டரை முழுசாகத் திருப்பினார். இஞ்சின் சூட்டை உறிஞ்சி வண்டிக்குள்ளே தள்ளிவிட்டால் இஞ்சின் பிழைக்கும். லாரிக்காரர்கள் செய்கிற வழி அது. மே மாத வெயிலில், பின்னால் ஒரு நோயாளியை வைத்துக்கொண்டு செய்கிற காரியமா? அந்த நிமிடத்தில் அவருக்கு இஞ்சினைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

"புகழேந்தி, என்னப்பா இது, அனலா அடிக்குது?"

"சூடு ஏறிகினு கீது மா. அஞ்சே நிமிஷம், பொறுத்துக்கங்க மா."

டீச்சர் பொறுத்துக்கொண்டார். காரணமில்லாமல் செய்ய மாட்டான் என்று நம்பினார். பாலம் இறங்கியதும் ஓரங்கட்டியிருக்கலாம். ஆனால் எண் குறையத் தொடங்கியிருந்தது. நூற்றாறு, நூற்றுமூன்று. புகழேந்திக்கு உடம்பெல்லாம் வியர்வை, உள்ளுக்குள் கொண்டாட்டம். ஆஸ்பத்திரி வளைவில் தொண்ணூற்றொன்பது.

"எறங்கிடுச்சு மா! எறங்கிடுச்சு!"

பதில் இல்லை. திரும்பினார். டீச்சரின் தலை கதவுப் பக்கம் சாய்ந்து கிடந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

வண்டியை வாசலிலேயே போட்டுவிட்டு அவரை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார். செக்யூரிட்டி கத்தியது அவர் காதில் விழவில்லை. பிரஷர் விழுந்துவிட்டது என்றார்கள். படுக்க வைத்து, காலைத் தூக்கிவிட்டு, மருந்து கொடுத்து, டீச்சர் கண்ணைத் திறக்கும் வரைக்கும் புகழேந்தி சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். தாமதமாகத்தான் மெஷினில் போட்டார்கள்.

ஷண்முகப்ரியா தரமணியிலிருந்து ஓடிவந்தாள். என்ன ஆச்சு என்று அவள் கேட்டு முடிப்பதற்குள் அவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஹீட்டர், கசிவு, காலைத் தண்ணீர், சர்வீஸ் அன்று நிரப்பியது, எல்லாம்.

"ஏப்ரல்லேருந்து தெரியுமா உங்களுக்கு? தெரிஞ்சே எங்க அம்மாவை அதுல ஏத்தினீங்களா?" அவள் குரல் உடைந்தது. "சாவியக் குடுத்துட்டுப் போயிடுங்க அண்ணா. இனிமே வராதீங்க."

சாவியைக் கொடுத்தார். ஆனால் போகவில்லை. வண்டியை இழுத்துக்கொண்டு போனதைக்கூட அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. டயாலிசிஸ் வார்டு வாசலில் உட்கார்வதும் எழுவதுமாக இருந்தார்.

சாயங்காலம் சக்கர நாற்காலியில் டீச்சரை வெளியே கொண்டுவந்தார்கள். புகழேந்தியைப் பார்த்ததும் டீச்சர் நிறுத்தச் சொன்னார்.

"நம்பர் எவ்வளவுப்பா போச்சு?"

"நூத்தி ஒம்போது மா. அப்பால தொண்ணூத்தி ஒம்போதுக்கு வந்துச்சு."

"அது அத்தனையும் பார்த்த. என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தியா?"

புகழேந்தி அந்த நடைபாதையிலேயே உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதார். போகிறவர்கள் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து ஒதுங்கிப் போனார்கள். டீச்சர் அவர் அழுது முடியும் வரை காத்திருந்தார்.

"வியாழக்கிழமை வண்டி இருக்காது, ஆட்டோலதான் வரணும். நீ கூட வா."

"அம்மா!" என்றாள் மகள்.

"அவன் ஒண்ணும் ஓட்ட வேணாம். என் பக்கத்துல உட்கார்ந்து வரட்டும்."

ஷண்முகப்ரியா அவரிடம் இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவளைக் குறை சொல்ல என்னால் முடியாது. ஆனாலும் வியாழக்கிழமை புகழேந்தி வந்தார். ஆட்டோவில் டீச்சருக்குப் பக்கத்தில், எவ்வளவு ஒதுங்க முடியுமோ அவ்வளவு ஒதுங்கி உட்கார்ந்தார். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்தார், கம்பியைப் பிடித்தார், மறுபடி மடியில் வைத்தார். அடையாறு பாலம் வந்தது.

"எப்படி கீது மா உங்களுக்கு?" என்று கேட்டார். ரெண்டு வருடமாக அவரை ஏற்றிக்கொண்டு போனவர் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார்.

"இந்த மேடு ஏறும்போது எனக்கு எப்பவுமே தலை சுத்தும்பா," என்றார் டீச்சர். "கொஞ்சம் மெதுவா போகச் சொல்லு."

புகழேந்தி எட்டி ஆட்டோக்காரரின் தோளைத் தட்டினார்.