மூன்றரை மணி ராட்டினம்

சேரப்பணஞ்சேரியில் நான் குடியிருக்கும் தெருவில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் இரவு வருவதில்லை. சிலருக்குக் காலை எட்டு மணிக்கு வருகிறது, சிலருக்கு மதியம். முதல் ஷிஃப்ட் முடித்து மூன்று மணிக்கு நான் ஒரகடத்திலிருந்து வந்து இறங்கும்போது பாதி ஜன்னல்களில் போர்வை தொங்கும். வெயிலில் தெரு தண்ணீருக்கு அடியில் கிடப்பது போலிருக்கும். பேருந்து போன பிறகும் அதன் அதிர்வு கொஞ்ச நேரம் உள்ளங்காலில் மிச்சமிருக்கும். செருப்பு ஓசை எழாமல் நடக்க இங்கே வந்த முதல் வாரத்திலேயே பழகிவிட்டேன்.

என் வேலையே சத்தம் கேட்பதுதான். டிப்ளமோ முடித்துவிட்டு தெற்கே இருந்து வந்தவள் நான். கியர்பாக்ஸ் செய்யும் தொழிற்சாலையில் கடைசிச் சோதனை அறையில் இருக்கிறேன். நான்கு சுவரிலும் தடித்த நுரை ஒட்டிய சின்ன அறை அது. பெட்டி உள்ளே வந்து சுழலும், திரையில் கோடுகள் ஓடும். கோட்டைப் பார்ப்பதற்கு முன் காது சொல்லிவிடும். முனகல், தட்டல், கரகரப்பு, கீச்சு என்று நான்கு பெயர்கள் வைத்திருக்கிறோம். வீட்டுக்கு வந்த பிறகும், எங்கோ ஒரு மிக்ஸி ஓடினால் மனம் இந்த நான்கில் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கும்.

கீழ் வீட்டு அக்காவுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம், செல்போன் பாகங்களைப் பூட்டும் கம்பெனியில் நைட் ஷிஃப்ட். காலையில் வந்து, சமைத்து, மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, பதினோரு மணிக்கு மேல்தான் படுப்பார். ஆறு மணி வரை தூங்கினால்தான் அடுத்த இரவைத் தாங்க முடியும். அவர் கணவர் வேன் ஓட்டுகிறவர், இருட்டிய பிறகே வருவார். மகளுக்கு ஏழு வயது. மூன்றரைக்குப் பள்ளியிலிருந்து வந்து, பிறந்தநாளுக்கு அம்மாவே வாங்கிக் கொடுத்த பொம்மை ராட்டினத்தைச் சுற்றவிடுவாள். பிளாஸ்டிக் கட்டைகள், ஒரு பேட்டரிப் பெட்டி, தீப்பெட்டி அளவு மோட்டார், பற்சக்கரங்கள். பிரித்துப் பிரித்து மறுபடி கட்டலாம். சுற்றும்போது தகரத்தில் ஆணியை இழுத்தது போல ஒரு கீச்சு. அது மாடியில் எனக்கே கேட்கும்.

ஒரு புதன்கிழமை அவள் அதைத் தட்டில் வைத்துத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தாள்.

"அக்கா, நீ கம்பெனில சத்தம்தான கேக்குற?"

"ஆமா."

"அப்ப இத்த கேளு. நாயித்துக்கெழம தண்டலத்துலர்ந்து அத்த வருது. இத்த அத்த வூட்டு பாப்பாக்கு குடுத்துரப்போறேன்னு அம்மா சொல்லிச்சு."

"எதுக்கு அப்படிச் சொன்னாங்க?"

"அம்மாக்கு தூக்கமே வர்லயாம். அன்னிக்கு கம்பெனி லைன்ல கண்ண மூடிக்கிச்சாம். இன்னொரு தபா மூடினா வேலைய வுட்டு அனுப்பிருவேன்னு சூபர்வைசர் சொல்ட்டாராம்."

அவள் அழவில்லை. தட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி, மருத்துவர் முன் நிற்பவளைப் போல நின்றாள்.

நோட்டை எடுத்துப் பட்டியல் போட்டேன். பேட்டரி, மோட்டார், அச்சு, பற்சக்கரம், அடித்தட்டு, தரை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பது எங்கள் அறையின் சட்டம். ஆனால் எனக்கு அன்று அசதி. எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பிரித்து, துடைத்து, நானே திரும்பப் பூட்டினேன். சுற்றவிட்டேன். மெல்லிய முனகல் மட்டும் வந்தது. கீச்சு இல்லை.

"போயிடுச்சு!" என்று தட்டோடு இறங்கி ஓடினாள். நான் சுவரில் சாய்ந்து, நாளின் முதல் தேநீரைக் குடித்தேன்.

வியாழன் மூன்றே முக்காலுக்குக் கீழிருந்து கீச்சு கிளம்பியது. உடனே அக்காவின் குரல், தூக்கத்தில் பாதி நனைந்தது போல: "ஏய்! நிறுத்துடி அத்த!"

தரைதான் காரணம் என்று முடிவு செய்தேன். கீழே டைல்ஸ், பக்கத்தில் இரும்புக் கட்டில். சின்னச் சத்தத்தையும் அவை வாங்கிப் பெருக்கும். வெள்ளிக்கிழமை என் துண்டை நான்காக மடித்துக் கொடுத்தனுப்பினேன். துண்டின் மேல் நின்றும் அது கத்தியது. பட்டியலில் தரை என்பதைக் கோடு போட்டு அடித்தேன். மாடியில் பேசாத பொருள் கீழே கத்துகிறது என்றால் நடுவில் ஏதோ நடக்கிறது. அது எனக்குப் பிடிபடவில்லை.

சனிக்கிழமை எனக்கு விடுமுறை. மதியம் அவளைப் படிக்கட்டில் உட்காரவைத்துக் கேட்டேன்.

"புதன்கிழமை நான் பூட்டித் தந்தேன்ல, அத அப்படியேதான் வச்சிருந்தியா?"

"இல்ல. பிரிச்சிட்டு நான் கட்டினேன்."

"ஏன் பாப்பா?"

"நீ கட்டினா அது உன்து அக்கா. நான் கட்டினாதான் என்து."

எந்தப் பட்டியலிலும் நான் எழுதாத ஒன்று அது. "சரி, என் முன்னால கட்டு," என்றேன்.

அவசரமில்லாமல் கட்டினாள். கட்டைகள் ஒழுங்காக உட்கார்ந்தன. அச்சு வழுவாமல் நுழைந்தது. கடைசியில், அச்சு கழன்று வராமலிருக்க முனையில் மாட்டும் சின்ன வளையம். அதைக் கட்டைவிரலால் அழுத்தினாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, நகம் வெளுக்கும் வரை அழுத்தினாள். டிக் என்றது. வளையம் அச்சைத் தாங்கும் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டது. இனி சக்கரம் சுற்றும் ஒவ்வொரு முறையும் அது சட்டத்தைத் தேய்க்கும். புதன்கிழமை நான் அதை லேசாகத்தான் மாட்டியிருந்தேன்.

"இவ்ளோ அழுத்தணும்னு யாரு சொன்னா?"

"அம்மாதான். அம்மா லைன்ல ஸ்க்ரூ போடுதுல்ல? டிக்னு சத்தம் வர்ற வரிக்கும் வுடக்கூடாதாம். வர்லன்னா அந்த போனு ரிஜெக்ட்டாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே வேறு ஏதோவும் வந்தது. ஒரு இரவில் எத்தனை நூறு டிக்கோ, அவற்றில் ஒன்றை அக்கா வீட்டுக்கு எடுத்து வந்து மகளுக்குக் கொடுத்திருக்கிறார். அதுதான் அவரை எழுப்பிக்கொண்டிருக்கிறது. என் வேலை சொல்லிக் கொடுத்தது வேறு. சுற்றுகிற எதற்கும் பக்கத்தில் மயிரிழை இடம் வேண்டும். ஆனால் ஏழு வயதுக் குழந்தையிடம் உன் அம்மா சொன்னது தவறு என்று சொல்ல மனமில்லை.

நோட்டில் ஒரு ஓரத்தைக் கிழித்து, வளையத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே வைத்தேன்.

"இப்ப டிக் வர்ற வரைக்கும் அழுத்து. அப்புறம் காகிதத்த உருவிடு. டிக்கும் வரணும், காகிதமும் வரணும். ரெண்டும் வந்தாதான் பாஸ்."

அழுத்தினாள். உருவினாள். காகிதம் வந்தது.

உண்மையான சோதனையை அக்கா தூங்கும் இடத்தில்தான் செய்ய முடியும். கூடத்தில் உட்கார்ந்தோம். அறைக் கதவு பாதி திறந்திருந்தது. போர்வைக்கு வெளியே ஒரு பாதமும் அதில் மெட்டியும் மட்டும் தெரிந்தன. அவள் விசையைத் தட்டிவிட்டு வாயை இரு கையாலும் பொத்திக்கொண்டாள்.

சக்கரம் நகர்ந்தது. ஒவ்வொரு இருக்கையிலும் ஒரு சட்டைப் பொத்தானை உட்காரவைத்திருந்தாள். அவை மேலே போயின, ஜன்னல் போர்வையின் நெசவு வழியே கசிந்த வெளிச்சத்தில் ஒரு நொடி சிவந்து கீழே வந்தன. மோட்டாரின் முனகலை மின்விசிறி வாங்கிக்கொண்டது. நான் அந்தப் பாதத்தையே பார்த்தேன். அது அசையவில்லை. சுவரில் ராட்டினத்தின் நிழல், அக்காவின் மூச்சு வரும் வேகத்தில்தான் சுற்றுவதாக எனக்குப் பட்டது. எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தோம் என்று தெரியாது. சோதனையில் நேரம் குறிக்க நான் மறந்தது அந்த ஒரு முறைதான்.

ஆறு மணிக்கு அக்கா கொண்டையை முடிந்துகொண்டே வந்தார். "இன்னாடி, பேட்டரி தீந்துபூச்சா?"

"நாலு மணிலர்ந்து சுத்திக்கினு கீது. நீதான் எழுந்துக்கல."

அக்கா குனிந்து காதை வைத்தார். "லேசா சத்தம் கீதேம்மா," என்றார் என்னிடம்.

"அது மோட்டாரோட சத்தம்க்கா. அது போகாது."

"போவாட்டி போவட்டும். ஃபேனு மாரிதான் கீது. இன்னாதான் பண்ணீங்க?"

நான் வார்த்தை தேடுவதற்குள் சின்னவள் முந்திக்கொண்டாள். "உன் டிக்குதாம்மா கத்துச்சு. காகிதம் வெச்சி அழுத்தணும்."

"இத்த வந்து என் சூபர்வைசராண்ட சொல்லுடி," என்று அக்கா அவள் தலையில் செல்லமாகக் குட்டினார். முகம் கழுவாமலே இன்னும் கொஞ்சம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்து சாப்பிட்டுவிட்டு, வெற்றிலையும் போட்டுக்கொண்டு கிளம்பினார். வாசலில் ஆட்டோ நின்றது. நான் மாடிக் கைப்பிடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

"பாப்பாக்கு ஏதோ குடுக்குறேன்னு போன்ல சொன்னியே, இன்னாது அது?" என்று அத்தை கேட்டார்.

கதவுக்குப் பின்னால் ராட்டினத்தை வயிற்றோடு அணைத்து நின்ற சின்னவளின் ஒரு கண் மட்டும் தெரிந்தது.

"முருங்கக்காதான் அண்ணி," என்றார் அக்கா. "இருங்க, பறிச்சினு வரேன்."