பதினோராவது மரம்

“காட்டுக்குள்ள போய் மரம் எண்ணுறதுக்கு யூனிவேசிற்றி படிக்கோணுமே பிள்ளை? கண் தெரிஞ்சால் காணாதோ?” என்று றிச்மண்ட் ஹில் கோயிலில் ஒரு அன்ரி கேட்டார். அம்மாவின் முகம் சுருங்கிப் போனது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். “எண்ணுறது மட்டுமில்லை அன்ரி, எதை வெட்டலாம், எதை விடோணும் எண்டு சொல்லப்போறதும் நான்தான்” என்றேன்.

பேய் பிசாசுக்கு நடுங்குகிறவள் நான் இல்லை என்று நீங்கள் தெரிந்துகொள்ளத்தான் இதைச் சொல்கிறேன். ரொறன்ரோவின் ரெக்ஸ்டேலில் பதினான்காம் மாடியில் வளர்ந்தவள், அளந்து எழுத முடியாத எதையும் நம்பியதில்லை.

போன கோடையில், ரொறன்ரோவிலிருந்து ஒரு நாள் முழுக்க வடக்கே போய், ஸ்புரூஸ் மரக் காட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். வெட்டுவதற்கு முன்பு காட்டில் அங்கங்கே சிறு வட்டங்கள் குறித்து, அதற்குள் நிற்கும் ஒவ்வொரு மரத்தின் விட்டத்தையும் நாடாவால் அளக்க வேண்டும். எவ்வளவு வெட்டினால் காடு திரும்ப எழும்பும் என்று அதை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். ஒருத்தி அளந்து கத்துவாள், மற்றவள் அதைத் திருப்பிச் சொல்லி எழுதுவாள். எனக்குத் துணை மேகன், அந்தப் பக்கத்திலேயே பிறந்த வெள்ளைக்காரப் பெண். மறுநாள் மேற்பார்வையாளர் ஏதாவது ஒரு வட்டத்தைத் திரும்ப அளப்பார், பிழை கண்டால் பயிற்சிக்காலத்தில் இருந்த என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

பட்டப்பகல், பதினொரு மணி. நான் சொல்லச் சொல்ல முதுகுக்குப் பின்னால் எண் திரும்பி வந்தது, நான் திரும்பிப் பார்க்கவில்லை, நுளம்பு கண்ணுக்குள் போகிறது, நாடாவைப் பிடிப்பதா அதை அடிப்பதா. பதினோராவது மரத்தை இருபத்திரண்டு சென்ரிமீற்றர் என்று கத்தினேன்.

“இல்லை, இருபத்தேழு. வடிவாப் பார்.”

பார்த்தேன். இருபத்தேழுதான். என் வழக்கப்படி, பட்டையில் கிறேயோனால் 27 என்று எழுதினேன்.

கடைசி மரத்தையும் முடித்து நிமிர்ந்தால், மேகன் எனக்கு எதிரே, ட்ரக் நின்ற பக்கத்திலிருந்து தண்ணீர்ப் போத்தலோடு வருகிறாள். மூன்றாவது மரத்தோடேயே போய்விட்டாளாம், சொல்லிவிட்டுத்தான் போனாளாம். அவளுடைய தாளில் மூன்றே எண்கள். நல்லவேளை, மீதியைப் பட்டைகளைப் பார்த்து நிரப்பினோம்.

நீதானே என்னைத் திருத்தினாய் என்று கேட்டேன். எப்படித் திருத்தினேன், சொல்லிக் காட்டு என்று சிரித்தாள். சொல்ல வாயைத் திறந்தபோதுதான் எனக்கு உறைத்தது. நானும் அவளும் பேசுவது ஆங்கிலம். அந்தத் திருத்தம் மட்டும் தமிழில் வந்திருந்தது, அதுவும் எங்கள் வீட்டுத் தமிழில்.

மறுநாள் மேற்பார்வையாளர் தெரிந்தெடுத்தது அந்த வட்டத்தைத்தான். ஒரு எண்கூடப் பிழையில்லை. இந்தப் பருவத்திலேயே சுத்தமான வேலை இதுதான் என்று எல்லோருக்கும் முன்னால் சொன்னார், என் வேலை உறுதியானது. நாடா பிடித்த கை என்னுடையது, அந்தப் பெருமையை யாருக்கும் பங்கு கொடுக்கமாட்டேன். ஆனால் நம்பினால் நம்புங்கள், அது ஆண் குரலா பெண் குரலா என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு நினைவு வருவதில்லை. சொற்கள் மட்டும் அப்படியே காதில் இருக்கின்றன.

இந்தக் கோடைக்குக் குழுத் தலைவி வேலை கிடைத்திருக்கிறது. காட்டின் எந்தப் பகுதி வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அதே பகுதியைக் குறித்து, கையொப்பமிட்டு, நேற்றே அனுப்பிவிட்டேன்.