இருபதடிச் சுவரில் அம்மா

பீடோங்கில் நாங்கள் வாங்கிய மாடி வீட்டின் கூடத்தில் ஒரு சுவர் இருபதடி நீளம். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே முகத்துக்கு நேரே வந்து நிற்கும். குடிவந்து ஒன்பது மாதம் அது வெறும் வெள்ளையாகக் கிடந்தது. எனக்கு அடங்கி உட்கார வராது. ஃபேக்டரியில் பன்னிரண்டு மணி நேரம் லைனைச் சுற்றிச் சுற்றி நடந்துவிட்டு வந்தாலும், சோபாவில் சாய்ந்தால் கண் நேராகச் சுவருக்குப் போகும், கை அரிக்கத் தொடங்கும். என் வீட்டுக்காரர் அதே சோபாவில் அதே சுவரைப் பார்த்தபடி நிம்மதியாகத் தூங்குவார். அது வேறு எனக்கு எரிச்சல்.

முதலில் ஓடுகிற ஏழு குதிரைகளை வாங்கினேன். எங்கள் தாமான் குடியிருப்பில் பாதி வீடுகளில் அந்தக் குதிரைகள்தான் ஓடுகின்றன. மாட்டிப் பார்த்தால் கடிதத்தில் ஒட்டிய தபால்தலை அளவுக்குத்தான் தெரிந்தன. கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு பாத்திக் துணிக்குச் சட்டம் போட்டு மூன்று வாங்கினேன். பகலில் சுமாராக இருந்தது, விளக்குப் போட்டால் நிறம் செத்துப்போனது. பிறகு பழைய பேப்பர்களைப் பல அளவில் வெட்டி, டேப் போட்டு ஒட்டி, எது எங்கே வரலாம் என்று ஒரு வாரம் தள்ளித் தள்ளிப் பார்த்தேன்.

“ஏதாச்சும் ஒன்ன மாட்டுலா. இல்லன்னா செவத்த இடிச்சிடலாம்,” என்றார் வீட்டுக்காரர்.

பேப்பரோடு மல்லுக்கட்டியதில் ஒன்று புரிந்திருந்தது. இவ்வளவு பெரிய சுவருக்குச் சின்னப் படங்கள் பத்து மாட்டினாலும் நிறையாது. பெரிதாக ஒன்று வேண்டும், அதன் நிறம் சத்தம் போட வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் அம்மாவுக்கு நெஞ்சு வலி வந்தது. அம்மா சிடாம் கிரியில் மலிவு வீட்டில் தனியாக இருந்தார். கோழிகளும் ஒரு பாகற்பந்தலும் துணை. எங்களோடு வந்து இருங்கள் என்று எத்தனையோ முறை கூப்பிட்டும் வரவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் எல்லாச் சோதனையும் செய்தார்கள். அம்மா உள்ளே இரத்த அழுத்தம் பார்க்க உட்கார்ந்திருக்கும்போது டாக்டரம்மா என்னை மட்டும் நடைபாதைக்குக் கூப்பிட்டார். ஆபரேஷன் செய்யாவிட்டால் அதிக நாள் தாங்காது, செய்தாலும் அந்த வயசுக்கும் சர்க்கரைக்கும் மேசையிலேயே போய்விடலாம், அம்மாவிடம் சொல்லி முடிவெடுங்கள் என்றார். ஆறு வாரம் கழித்து ஒரு தேதியும் கொடுத்தார்.

நான் உள்ளே போனேன். “என்னடி சொல்லுச்சு அந்த டாக்டரு?” என்று அம்மா கேட்டார்.

“ஒன்னும் இல்லம்மா. சின்ன ஆபரேஷன். நாலு நாள்ல வீட்டுக்கு வந்துடலாம்.”

அவ்வளவு சரளமாக எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது. அம்மா, கத்தி என்றாலே கையை உதறிக்கொண்டு எழுந்துபோகிற மனுஷி. உண்மையைச் சொன்னால் மாட்டேன் என்பார், மாட்டேன் என்றால் போய்விடுவார். நான் அப்படித்தான் கணக்குப் போட்டேன். அம்மா என்னையே பார்த்துவிட்டுச் சரி என்று தலையாட்டினார்.

அடுத்த நாள் மாத்திரை வாங்க நான் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு மெர்கோங் வழியாகத் திரும்பினேன். வழியில் ஒரு காபிக்கடையின் பக்கச்சுவர் முழுக்க ஒரு சேவல். ஆரஞ்சும் நீலமுமாக, கழுத்தைத் தூக்கிக்கொண்டு, யாரையும் மதிக்காமல் நின்றது. காடியை ஓரங்கட்டினேன். எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேனோ, பின்னால் ஒருவன் ஹாரன் அடித்துத் திட்டினான். கடைக்குள் போய் வரைந்தவருடைய எண்ணை வாங்கிக்கொண்டுதான் கிளம்பினேன். அவர் ஒரு தமிழர், பெயர்ப்பலகை எழுதுகிறவர்.

அவரிடம் அம்மாவின் படத்தைக் கொடுத்தேன். பீடோங் பசாரில் மீன்காரனோடு விலை பேசும்போது என் போனில் எடுத்தது. பூப்போட்ட நைட்டி, தோளில் துண்டு, வலது கை மேலே, வாய் பாதி திறந்திருக்கும். முகமும் கையும் மட்டும் போதும், நிறத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள் என்றேன். அவர் நான்கு பலகைகளில் பிரித்து வரைந்தார். நான்கையும் சேர்த்தால் ஆறடிக்கு ஆறடி. முகம் செம்மஞ்சள், முடி நீலம், மூக்குத்தி மட்டும் மஞ்சளாகத் தனியே எரிந்தது.

மாட்டுவதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போனது. பலகைகளுக்கு நடுவே இரண்டு விரல் இடைவெளி விட்டு, அம்மாவின் கண் நிற்பவர் கண்ணுக்கு நேராக வரும்படி பென்சிலால் குறித்தேன். வீட்டுக்காரர் துளை போட்டார். பலகைக்கு நான்காகப் பதினாறு ஸ்குரூ. மேலே வரிசையாக மூன்று விளக்கும் போடச் சொன்னேன். எரியவிட்டு, சோபாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஐந்து வாரமாக நான் எங்கே போனாலும் என் கூடவே வந்த பயம், அன்றைக்கு ஒரு மணி நேரம் என்னை விட்டிருந்தது. அம்மா வர இன்னும் ஆறு நாள் இருந்தது. மறுவாரம் திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும், சனிக்கிழமையே வீட்டுக்கு வந்துவிடுவதாக ஏற்பாடு.

செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டு அக்கா சுண்டல் கொண்டுவந்தார். வாசலில் செருப்பைக் கழற்றியவர் சுவரைப் பார்த்தார். கால் அப்படியே நின்றது, குரல் இறங்கிவிட்டது.

“அம்மாவா? எப்பம்மா தவறுனாங்க? எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லலியே.”

“யாருக்கா தவறுனது? சிடாம் கிரியில கோழிக்குத் தீனி போட்டுக்கிட்டு இருக்காங்க.”

அக்காவின் முகம் வெளுத்துப்போனது. “ஐயோ, வாய வச்சிக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம். தெக்குச் செவுரு, தனிப் படம், மேல லைட்டு வேற. நான் அப்படியே நெனச்சிட்டேன், தப்பா எடுத்துக்காத,” என்று சுண்டலைக் கையில் திணித்துவிட்டுப் போனார்.

எனக்குச் சுருக்கென்றது. எனக்குத் தெரியாத விஷயமா? சின்ன வயசிலிருந்து எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறேன். தெற்குச் சுவரில், தனியாக, பெரிதாக, விளக்கோடு ஒரு முகம் இருந்தால் அந்த வீட்டில் அவர் இல்லை. கேட்கவே வேண்டாம். நீளத்தையும் அகலத்தையும் கண் மட்டத்தையும் அளந்த எனக்கு இது ஒன்று மட்டும் எட்டவில்லை. மறுநாள் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த அண்ணனும் படத்தைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

“எறக்கிடலாம். அத்த சனிக்கெழம வர்றாங்க,” என்றார் வீட்டுக்காரர்.

முடியாது என்றேன். இறக்கினால் அது உண்மையாகிவிடும் என்று எனக்குள் ஒரு பிடிவாதம். தனியாக இருந்தால்தானே அப்படித் தெரிகிறது, கூட்டத்தோடு வைத்தால் குடும்பப் படம் என்று ஆரம்பித்தேன். இடப்பக்கம் எங்கள் கல்யாணப் படம். வலப்பக்கம் ஜொகூரில் படிக்கும் மகனின் படம். கீழே பாத்திக் துணிகள். மேலே கடிகாரம். மூன்று நாள் வேலை முடிந்து வந்து வந்து மாற்றினேன். கல்யாணப் படத்தை மேலே தூக்கினால் நாங்கள் அம்மாவைக் கும்பிடுவது மாதிரி இருந்தது, மகன் படத்தைக் கீழே இறக்கினால் அவன் பாட்டிக்காகக் கண்கலங்குவது மாதிரி இருந்தது. விளக்கை அணைத்தேன், போட்டேன், திரும்ப அணைத்தேன். வெள்ளிக்கிழமை சுவர் முழுக்கப் படமாக நிறைந்திருந்தது. இனி ஒருத்தரும் ஒன்றும் சொல்ல முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை வீட்டுக்காரர் அம்மாவைக் காடியில் கூட்டிவந்தார். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு செருப்பைக் கழற்றினார். நிமிர்ந்தார். கல்யாணப் படத்தையோ பேரனையோ பார்க்கவில்லை. தன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஏதேதோ உளறினேன். பசாரில் எடுத்த படம், மெர்கோங்கில் ஒருத்தர் வரைந்தார், நல்லா இருக்கில்ல என்றெல்லாம் சொன்னேன்.

“அன்னிக்கி அந்த டாக்டரு உன்னத் தனியாக் கூட்டிக்கிட்டுப் போச்சே,” என்றார் அம்மா. “என்ன சொல்லுச்சு?”

“அதான் சொன்னேனேம்மா. சின்ன ஆபரேஷன்.”

“செவுத்துல இம்மாம் பெருசா மாட்டி வச்சிட்டு, சின்ன ஆபரேஷன்ங்கிற.”

வீட்டுக்காரர் பையைக் கீழே வைத்துவிட்டுச் சமையலறைப் பக்கம் போய்விட்டார். வாசலில் நின்றபடியே சொன்னேன். டாக்டர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் சொன்னேன். அம்மா கடைசிவரை கேட்டார். உள்ளே வந்து சோபாவின் நுனியில் உட்கார்ந்தார்.

“ஆறு வாரமாத் தெரியுமா உனக்கு?”

“தெரியும்மா.”

“சிரம்பான்ல என் தங்கச்சி இருக்கா. எட்டு வருசமாச்சு பாத்து. சாகப்போறேன்னு தெரிஞ்சிருந்தா போய்ப் பாத்திருப்பேன்ல. கோழி முட்டைக்கு ஆள் வருவான்னு வீட்டுலயே உக்காந்திருந்தேன்.”

இப்பவே போகலாம், நான் ஓட்டுகிறேன் என்று சாவியை எடுத்தேன். அவ்வளவு தூரம் உட்கார்ந்துவர இந்த உடம்பு தாங்காது என்றார். நான் பயந்துதான் மறைத்தேன், நீங்கள் வேண்டாம் என்று சொல்லிவிடுவீர்களோ என்று பயந்தேன் என்றேன். “வேணாம்னு சொல்றதும் என் வாய்தானடி,” என்றார்.

சின்னம்மாவுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். படிக்கட்டில் உட்கார்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார். கருவாட்டைப் பற்றியும் யாரோ ஒருத்தியின் மருமகளைப் பற்றியும்தான் பேச்சு. ஆபரேஷனைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. போனைத் திருப்பித் தரும்போது, “எறக்கு அத,” என்றார். வீட்டுக்காரர் பதினாறு ஸ்குரூவையும் கழற்றினார். நான் பலகைகளைத் தூக்கிக் கொண்டுபோய் மாடி அறையில் சாய்த்தேன்.

திங்கட்கிழமை வார்டில் டாக்டரம்மா வந்து வழக்கம்போல என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் தொடங்கினார். அம்மா அவர் வெள்ளைக் கோட்டின் கையைப் பிடித்தார்.

“டோக்டோர், சாக்காப் சாமா சாயா. ஜாங்கான் சாமா டியா.” என்னோடு பேசு, இவளோடு பேசாதே.

டாக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து மெதுவாக மலாயில் எல்லாவற்றையும் சொன்னார். அம்மா நான்கைந்து கேள்வி கேட்டார். பசாரில் பேசுகிற அதே மலாய், அதே கறார். முடிந்ததும் பேனாவை வாங்கித் தன் கையெழுத்தைத் தானே போட்டார். வேண்டாம் என்று சொல்லவே இல்லை. நர்ஸ் நகைகளைக் கழற்றச் சொன்னார். நான் கையை நீட்டினேன். அம்மா மூக்குத்தியையும் தோட்டையும் கழற்றி, என் கையைத் தாண்டி, மருமகனிடம் கொடுத்தார். என் கை அப்படியே நீட்டியபடி இருந்தது.

அம்மா பிழைத்துவிட்டார். நான்கு நாள் இல்லை, ஒரு மாதம் ஆனது. இப்போது எங்களோடுதான் இருக்கிறார். கோழிகளை விற்றாயிற்று. மற்றப் படங்களையும் நான் இறக்கிவிட்டேன். சுவரில் பதினாறு துளை அப்படியே இருக்கிறது. பூசலாம் என்றால் மனசு வரவில்லை, வேறு எதையாவது மாட்டலாம் என்றாலும் வரவில்லை. ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

“அந்தப் படத்தத் திரும்ப மாட்டவாம்மா?”

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். “மொதல்ல எங்கிட்ட எதையும் மறைக்காம ஒரு வருசம் இரு. அப்புறம் பாப்போம்.”

சிரித்துக்கொண்டே சொன்னாரா, கோபத்தோடு சொன்னாரா என்று தெரியவில்லை. கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அன்றிலிருந்து கேட்டதற்கும் கேட்காததற்கும் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மகன் ஒரு பாடத்தில் தேறவில்லை என்றேன். ஃபேக்டரியில் ஆள் குறைக்கிறார்கள், என் பெயரும் இருக்கலாம் என்றேன். அம்மா உம் கொட்டுவார், அவ்வளவுதான்.

போன வாரம் மறுபரிசோதனை. ஸ்கேன் எடுத்துவிட்டு அறையில் காத்திருந்தோம். டாக்டரம்மா திரையைப் பார்த்தார், இன்னொரு முறை பார்த்தார். அம்மா கைப்பையில் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். டாக்டர் என்னைப் பார்த்துக் கண்ணாலேயே கதவைக் காட்டினார், கொஞ்சம் வெளியே வாருங்கள் என்று. என் கால் எழுந்தேவிட்டது. நாற்காலி நகர்ந்த சத்தத்துக்கு அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

நான் திரும்ப உட்கார்ந்தேன். “சாக்காப் சாமா மாக் சாயா, டோக்டோர்,” என்றேன். என் அம்மாவிடமே சொல்லுங்கள்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் இழுத்தார். இடது கையைப் பின்னால் நீட்டி, பார்க்காமலே, என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். டாக்டர் திரையை அம்மா பக்கம் திருப்பிவைத்துப் பேச ஆரம்பித்தார்.