பதிவேட்டில் ஏறாத பெயர்கள்: ஒரு தூத்துக்குடிப் பயணம்

1949 பிப்ரவரியில் தூத்துக்குடிக்குப் போயிருந்தேன். போனது ஊர் பார்க்க அல்ல, செமினாருக்கு. சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்து ஜனத்தொகை ஆராய்ச்சி நிலையத்தில் எனக்கு வேலை. பிறப்பு, இறப்புக் கணக்குகளைக் கூட்டி அட்டவணை போடுவேன். எங்கள் நிலையத்தில் புதன்கிழமைதோறும் செமினார் உண்டு. ஒருவர் கட்டுரை வாசிப்பார், மற்றவர்கள் குடைந்து எடுப்பார்கள். அப்புறம் எல்லோரும் சண்டையை மறந்து ஒன்றாகக் காபி குடிப்போம். வருஷத்துக்கு ஒரு தடவை இந்தச் செமினாரையும் விருந்தையும் வெளியூரில் வைப்பது எங்கள் பேராசிரியரின் வழக்கம். இந்தத் தடவை தூத்துக்குடி. அங்கே மீனவர் குடியிருப்பு ஒன்றின் மாதா கோயிலில் தலைமுறை தலைமுறையாக எழுதிவந்த ஞானஸ்நானப் பதிவேடுகளும், இறந்தவர்களை அடக்கம் செய்ததை எழுதிய பதிவேடுகளும் இருக்கின்றன என்பதுதான் காரணம்.

எழும்பூரில் மாலை வண்டி ஏறினால் மறுநாள் மத்தியானம் போய்ச் சேரலாம். நானூற்று நாற்பது மைலுக்கு மேல். மணியாச்சி வந்ததும் தூத்துக்குடி போகும் பெட்டியில்தான் உட்கார்ந்திருக்கிறோமா என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்காமல் பக்கத்துப் பெட்டியில் இருந்துவிட்டு, கடைசி நிமிஷத்தில் மூட்டையோடு ஓடினேன். அங்கிருந்து பதினெட்டு மைல். வழியெல்லாம் உப்பளம். வெயிலில் கண் கூசுகிறது.

ஸ்டேஷனிலிருந்து கடற்கரைக்குக் குதிரை வண்டி, எட்டணா. துறைமுகம் என்றதும் கரையோடு ஒட்டிக் கப்பல்கள் நிற்கும் என்று நினைத்திருந்தேன். ஒன்றையும் காணோம்.

“கப்பல் எங்கே?” என்று வண்டிக்காரரைக் கேட்டேன்.

“கப்பல் இங்கன வராதும்மா, ஆழம் பத்தாது. அஞ்சாறு மைல் தள்ளி நிக்கும். தோணிதான் போயிச் சரக்கு எடுத்துட்டு வரும். அந்தா பாருங்க.”

பார்த்தேன். பாய் விரித்த தோணிகள் ஒன்றன்பின் ஒன்றாக, நான் எண்ணத் தொடங்கி எண்ண முடியாமல் விட்டுவிட்ட அளவுக்கு. எண்ணுவதே தொழிலாக இருக்கிற எனக்கு அது புதிது.

மறுநாள் காலை ஒன்பதிலிருந்து பதிவேடுகள். இரண்டு வருஷமாக அவற்றிலிருந்து எடுத்து அனுப்பிய பிரதிகளை வைத்துத்தான் கணக்குப் போட்டுவந்தேன். அசலை அன்றுதான் பார்த்தேன். பங்குச் சாமியார் இரும்புப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தார். பூச்சி அரித்த ஓரம், பழுப்பு மை, முதல் சில புத்தகங்களில் எனக்குப் புரியாத பாஷை. அப்புறம் தமிழ். பெர்னாண்டோ, ரோச், மிராந்தா என்று ஒரே வம்சப் பெயர்கள் பக்கம் பக்கமாக வருகின்றன. அப்பன் பெயர் மகனுக்கு, அவன் பெயர் பேரனுக்கு. ஒரு பக்கத்தில் விரலை வைத்து வரி வரியாகப் படித்தேன். என் அட்டவணையில் வெறும் ‘ஒன்று’ என்று விழுந்தவர்கள் எல்லாரும் அங்கே பெயரோடு இருந்தார்கள்.

மத்தியானம் இரண்டு மணிக்குச் சங்கு குளிக்கப் போனவர்கள் திரும்புகிறார்கள். பார்க்கத் தவறாதீர்கள். முத்துக் குளிப்பு பல வருஷமாக நடக்கவில்லை, சங்குதான். சங்குக் குவியலின் நாற்றத்துக்கு மட்டும் மூக்கைப் பொத்திக்கொள்ளத் துணி வேண்டும்.

மூன்றாம் நாள் செமினார், ஒரு பள்ளிக்கூடக் கூடத்தில். பேராசிரியர் கரும்பலகையில் என் கணக்கைப் படமாகப் போட்டார். இந்தக் கரையில் பிறக்கும் குழந்தைகள் உள்நாட்டுக் குழந்தைகளைவிட மிக அதிகமாகப் பிழைக்கின்றன, மீன் உணவு காரணமாக இருக்கலாம் என்பது அவர் முடிவு. செமினாருக்கு வந்திருந்த வெளியூர்ப் பேராசிரியர்கள் கை தட்டினார்கள். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

முன்வரிசையில் தங்கவேல் அண்ணாச்சி இருந்தார். பருப்பு வியாபாரி. அந்தக் குடியிருப்பில் தன் செலவில் ஒரு பிரசவ விடுதி கட்ட நினைத்திருந்தவர். எழுந்து சொன்னார்: “ரொம்ப சந்தோசம் சார். அப்ப இங்கன விடுதிக்கு அவசரமில்ல. நான் உடன்குடிப் பக்கம் கட்டிருதேன்.”

நியாயமாகத்தான் பட்டது.

மாலை ஐந்து மணிக்குப் பள்ளி மைதானத்தில் தேநீர் விருந்து. ஊர்க்காரர்கள் ஐம்பது பேரையாவது அழைத்திருந்தார்கள். மக்ரூன் என்கிற முந்திரி இனிப்பு வைத்தார்கள், வாயில் போட்டதும் கரைகிறது. நான் மூன்றாவதை எடுக்கும்போது ஒரு பெண் பக்கத்தில் வந்து நின்றாள். முப்பத்தைந்து வயதிருக்கும். இஞ்ஞாசியம்மாள், அந்தக் குடியிருப்பின் மருத்துவச்சி. செமினாருக்கும் வந்து கடைசி வரிசையில் இருந்தாளாம்.

“அந்தப் பலகையில கோடு போட்டாவளே, அது என்னம்மா?”

“நூறு குழந்தை பிறந்தால் எத்தனை தங்குகிறது என்று காட்டுகிற கோடு அக்கா.”

“அவ்வளவுமா தங்குது? எந்த ஊருல?”

“இந்த ஊரில்தான்.”

அவள் சிரிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்தாள். “எங்க இருந்து எடுத்திய?”

“கோயில் புத்தகத்திலிருந்து. ஞானஸ்நானப் புத்தகம், அடக்கப் புத்தகம், இரண்டும்.”

“சாமியார் நாலு ஊருக்கு ஒருத்தரும்மா. பொறந்து ஒரு நாள்ல, ரெண்டு நாள்ல போற பிள்ளைக்கு அவர் வாரது வரைக்கும் உசிர் இருக்குமா? நானே தண்ணி ஊத்திப் பேரு வச்சிருவேன். விடியமுன்ன தகப்பன் கொண்டுபோயி அடக்கிருவான். அது எந்தப் புஸ்தகத்துல ஏறும்?”

“அப்படி எத்தனை?”

“எத்தனைன்னு தெரியாது. பேரு சொல்லுதேன்.”

சொன்னாள். ஆரோக்கியம், சித்திரை மாசம், காலையில் பிறந்து மத்தியானம் போனது, வலை பின்னுகிற செபஸ்தியானின் மூத்தது. ரோசம்மா, அதே வருஷம், கிணற்றுக்கு எதிர்வீடு. மிக்கேல், இரட்டையில் ஒன்று. தயங்காமல், வீட்டு வரிசைப்படி. நான் நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தேன். ஒரு பக்கம் நிரம்பியது. திருப்பினேன். அதுவும் நிரம்பியது. முந்தின நாள் அந்தப் பழைய புத்தகங்களைப் பார்த்து மலைத்தேனே, அதைவிடப் பெரிய ஒன்றின் முன்னால் நிற்கிறேன் என்று தெரிந்தது. கூடவே பயம். என் கணக்கு தப்பு. அந்தத் தப்பை நம்பி ஒரு விடுதி இந்த ஊரைவிட்டுப் போகப்போகிறது.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் பேராசிரியர் கடற்கரையில் நடப்பார் என்று தெரியும். போய்ச் சொன்னேன். வேலை போகும் என்றே நினைத்தேன். நோட்டை வாங்கி நின்ற இடத்திலேயே படித்தார்.

“இரண்டு வருஷ உழைப்பு,” என்றார்.

“என் அட்டவணைதான் சார் தப்பு.”

“புத்தகத்தை மட்டும் பார் என்று சொன்னது நான். பத்து மணிக்கு நீயே சபையில் சொல். அந்த அம்மாளையும் கூப்பிடு.”

சொன்னேன். வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர், “ஒரு மருத்துவச்சியின் ஞாபகம் எப்படி ஆதாரமாகும்?” என்று கேட்டார். இஞ்ஞாசியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

“எந்த வீட்டுல வேணும்னாலும் போயிக் கேளுங்க அய்யா. பெத்தவ மறப்பாளா?”

பிறகு பெயர்களைச் சொன்னாள். பின்வரிசையில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து வெளியே போனாள். இஞ்ஞாசியம்மாள் சொல்லி முடித்தபோது, பேராசிரியர் எழுந்து போய் அந்தக் கோட்டைத் தன் கையாலேயே அழித்தார். அதிகாரமும் படிப்பும் உள்ள ஒருவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

அண்ணாச்சிதான் முதலில் வாய் திறந்தார். “விடுதிய எங்கன கட்டலாம்னு சொல்லு தாயி.”

“தண்ணி ஏறாத மேட்டுல, அண்ணாச்சி. தெருவுக்குப் பக்கத்துல.”

இருவரும் அப்போதே இடம் பார்க்கக் கிளம்பினார்கள். நாங்களும் பின்னால் போனோம். செமினார் அத்தோடு முடிந்தது.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். பிப்ரவரி நல்ல மாதம், சித்திரைக்கு மேல் வெயில் தாங்காது. நல்ல தண்ணீர்தானா என்று கேட்டுவிட்டுக் குடியுங்கள். பதிவேடு பார்க்க முன்கூட்டியே சாமியாருக்குக் கடிதம் எழுதுங்கள், மாலை நான்கு மணிக்குப் பெட்டியைப் பூட்டிவிடுவார்கள். கணக்கெடுக்கப் போகிறவர்கள் புத்தகத்தைத் தொடும் முன் மருத்துவச்சியைப் பாருங்கள். திரும்பும் டிக்கெட்டை மட்டும் முன்னாலேயே எடுத்து வைக்காதீர்கள். நான் எடுத்திருந்தேன், அன்று மாலை வண்டிக்கே. மூட்டை கட்டிவிட்டு இஞ்ஞாசியம்மாளிடம் சொல்லிக்கொண்டு வரப் போனேன். அவள் வாசலில் பெண்கள் கூடியிருந்தார்கள், என்னிடம் பெயர் சொல்ல. கடைசியாக நின்றவளுக்குப் பதினெட்டு வயதுகூட இருக்காது.

“எம் பிள்ளைக்குப் பேரு வைக்கமுன்னயே போயிட்டும்மா. அதையும் எழுதுவியளா?”

உட்கார்ந்தேன். வண்டி போய்விட்டது.