தறி அழுததாகச் சொன்னவர்

அறுபதுகளின் கடைசியில் நான் காஞ்சிபுரம் கோர்ட்டில் குமாஸ்தா. வாக்குமூலங்களைச் சுருக்கி எழுதுவதில் பேர் வாங்கியவன்.

அன்று கூண்டில் நின்றவர் ஒரு நெசவாளி. குச்சி உடம்பு, பொத்தான் மாற்றிப் போட்ட சட்டை. பக்கத்து வீட்டுத் தறியில் ஏற்றியிருந்த பட்டுப் பாவு இழைகளை அறுத்துவிட்டார் என்று வழக்கு. நின்ற நேரமெல்லாம் அவருடைய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காற்றில் எதையோ முறுக்கிக்கொண்டே இருந்தன. அறுந்த இழையைச் சாம்பல் தொட்டுப் பிணைக்கும் முறுக்கு அது. எங்கள் ஊரில் யாருக்கும் பார்த்தவுடன் தெரியும்.

“அறுத்தது நீதானா?” என்றார் மாஜிஸ்டிரேட், அடுத்த வழக்குக் கட்டைப் புரட்டியபடி.

“நாந்தாங்க. ராவும் பகலும் அந்தத் தறி அழுதுக்கினே இருந்துச்சு. யாருக்குமே கேக்கல. அதான் அவுத்து வுட்டேன்.”

‘குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்’ என்று எழுதினேன். அப்படித்தான் எழுதுவோம்.

தாளையும் மைப்பெட்டியையும் அவர் முன்னால் வைத்தேன். படிக்கத் தெரியாதவர், மெதுவாகக் கேட்டார்: “அது அழுதுச்சுன்னு எழுதினீங்களா சார்?”

“எழுதிட்டேம்பா. ரேகை வை.”

அவர் முகம் தெளிந்தது. அதே கட்டைவிரலை மையில் தொட்டு அழுத்தினார்.

ஆறு மாதம் ஜெயில். அந்த வரியை எழுதியிருந்தால், மேலே யாராவது படித்து அவரை டாக்டரிடம் அனுப்பச் சொல்லியிருக்கலாம். சொல்லாமலும் போயிருக்கலாம்.

போலீஸ்காரர் அழைத்துப் போகும்போது கவனித்தேன். அந்த விரல்கள் முறுக்குவதை நிறுத்தியிருந்தன. நான் எழுதிவிட்டதாக நம்பிவிட்டார்.